சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், பயம் போகவில்லையே

12 பிப்ரவரி 2024. சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

அம்மாவுக்கு ஏப்ரலில் இதய ஆபரேஷன். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். ஜெபம் பண்ணுகிறேன், வசனம் சொல்லிப் பார்க்கிறேன், அப்படியே விடிந்துவிடும். இதற்கு நடுவில் ஈஸ்டர் கழித்து ஒரு ஞாயிறு சபையில் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு, கர்த்தர் என் பயத்தை நீக்கினார். நீக்கவில்லையே! விசுவாசம் இருக்கிற இடத்தில் பயம் இருக்காது என்றால் என்னிடம் இருப்பது என்ன? மேடையேறிப் பொய் சொல்லவா, ஏறாமலே இருந்துவிடவா?

12 பிப்ரவரி, இரவு

ஏறாதீர்கள். நம் சபைகளில் சாட்சி எல்லாம் இறந்தகாலத்தில்தான் நடக்கிறது. "வியாதியாயிருந்தேன், கடனிலிருந்தேன், பயந்திருந்தேன், இப்போது இல்லை." நிகழ்காலத்தில் சொல்ல இடமில்லாத மேடையில் உங்களுக்கு வேலை இல்லை.

13 பிப்ரவரி

நேற்று சீனப் புத்தாண்டு விடுமுறை, வீட்டில் விருந்தாளிகள். அவசரத்தில் எழுதிவிட்டேன். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை நானும் கேட்டவன்தான்.

2017இல் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ஹவ்காங்வாசி. டன்லப் ஸ்திரீட் பக்கம் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். வடக்கு-கிழக்குப் பாதை 2003 ஜூனில் திறந்த நாளிலிருந்து பதினான்கு வருஷமாக அதே ரயிலில்தான் அச்சகம் இருக்கிற தேக்காவுக்கு வேலைக்குப் போய்வந்தேன். பாதை முழுக்கப் பூமிக்கு அடியில். அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றைக்குப் பொத்தோங் பாசிர் நிலையம் தாண்டியதும் திடீரென்று மூச்சு போதவில்லை. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது, உதடு மரத்துப்போனது, இதயம் காதுக்குள் அடித்தது. மாரடைப்பு என்றே நினைத்தேன். மனைவிக்கு ஒன்றும் சொல்லாமல் போகப்போகிறோமே, சிபிஎஃப் சேமநிதித் தாள்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாதே என்றுதான் முதலில் தோன்றியது. பரலோகம் ஞாபகத்துக்கே வரவில்லை.

பூன் கெங்கில் இறங்கி பெஞ்சில் சாய்ந்தேன். பக்கத்திலிருந்த சீன மூதாட்டி ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து, மூடியைத் திறந்து என் மூக்குக்குக் கீழே பிடித்தார். பத்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ரயில் ஒழுங்காகத்தான் ஓடியது. நின்றுபோனது நான்தான்.

அப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல் ரயில் பக்கம் போகவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து பஸ்ஸில் போனேன். அந்தச் சமயம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எனக்காக ஜெபிக்கக் கேட்டேன். வயதில் மூத்த அண்ணன் ஒருவர், "தம்பி, விசுவாசம் உள்ளே வந்தால் பயம் வெளியே போயிடும். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்காது" என்றார்.

என் வீட்டில் குடியிருந்தன. மூன்றறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், ஒரே குளியலறையைப் பங்கு போட்டுக்கொண்டு.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

அந்த அண்ணன் சொன்னதற்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது 1 யோவான் 4:18. "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்." இதை வைத்தே என்னை நானே ஒரு வருஷம் அடித்துக்கொண்டேன். எனக்குப் பயம் இருக்கிறது, ஆகவே அன்பு பூரணமில்லை, ஆகவே தேவனுக்கு என்மேல் வருத்தம், ஆகவே இன்னும் பயம். சக்கரம் மாதிரி.

பிற்பாடுதான் முந்தின வசனத்தைப் படித்தேன். 17ஆம் வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசுகிறது. நம் வேதாகமத்தில் "பயமானது வேதனையுள்ளது" என்று வரும் இடத்தில் கிரேக்கச் சொல் தண்டனையைக் குறிப்பது. அடிப்பாரோ என்று அப்பாவின் முகத்தைப் பார்க்கிற பிள்ளையின் பயம் அது. சுரங்கத்தில் மூச்சு முட்டுவதையும், அம்மாவின் ஆபரேஷனுக்கு நெஞ்சு படபடப்பதையும் யோவான் அங்கே பேசவே இல்லை. என்னை அடிக்க நான் எடுத்த கம்பு, அடிக்கு அஞ்சுகிறவனைத் தேற்ற எழுதின வசனம்!

15 பிப்ரவரி, மாலை

சரியாக ஆறு இருபதுக்கு அபாயச் சங்கு ஊதியது. ஒவ்வொரு வருஷமும் தெரிந்ததுதான், ஆனாலும் கையிலிருந்த தேநீர் தம்ளர் ஒரு குலுக்கு குலுங்கியது. முழுமைத் தற்காப்பு தினம். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த நாள், விழுந்த நேரம்.

அதனால் பிஷப் வில்சன் ஞாபகம் வந்தார். லெனர்ட் வில்சன், 1941 முதல் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பிஷப். ஊர் விழுந்த பிறகும் ஓகாவா என்ற ஜப்பானியக் கிறிஸ்தவ அதிகாரியின் தயவால் ஓராண்டு வெளியில் ஊழியம் செய்தார். 1943இல் சாங்கி சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் நேசப்படைக் கமாண்டோக்கள் துறைமுகத்துக்குள் புகுந்து கப்பல்களுக்குக் குண்டு வைத்துவிட்டுப் போனார்கள். சாங்கிக் கைதிகள்தான் தகவல் கொடுத்திருப்பார்கள் என்று ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் சந்தேகப்பட்டு, அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. 15 பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் அந்தக் குண்டுகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வில்சனும் பிடிபட்டவர்களில் ஒருவர். அடித்துக்கொண்டே கேட்டார்களாம், தேவனை நம்புகிறாயே, அவர் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று. காப்பாற்றத்தான் செய்கிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, அதைத் தாங்கும் ஆவியைக் கொடுத்து என்று பதில் சொன்னதாகப் போருக்குப் பின் வானொலிப் பிரசங்கத்தில் கூறினார். அடிக்கிறவர்களின் முகங்களைப் பார்க்க முடியாமல், இவர்களும் ஒரு காலத்தில் குழந்தைகள்தானே என்று நினைத்துப் பார்த்ததையும் சொன்னார். பின்னாளில் அந்தச் சித்திரவதைக்காரர்களில் ஒருவருக்கு அவரே திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) கொடுத்தார்.

இதை ஏன் எழுதுகிறேன்? வில்சனுக்கும் பொத்தோங் பாசிர் சுரங்கத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, தெரியும். ஆனால் "காப்பாற்றுவது" என்ற சொல்லை நாம் ஒரே அர்த்தத்தில் மட்டும் வைத்திருக்கிறோம். அவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார், அதுவும் அடிபடும்போது.

16 பிப்ரவரி

தனிமடலில் ஒருவர்: "வேதத்தில் 365 முறை பயப்படாதே என்று வருகிறது, நாளுக்கு ஒன்று. அதைச் சொல்லுங்கள் அந்தச் சகோதரிக்கு."

வராது ஐயா. நானும் பஸ்ஸில் போன அந்த வருஷம் எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியத்தை எடுத்துவைத்துக்கொண்டு எண்ணினேன். பயப்படாதே, பயப்படாதிருங்கள், பயப்படாதிருப்பாயாக, கலங்காதே, திகையாதே, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தும் பாதி வருஷத்துக்குக்கூடத் தேறவில்லை. நாட்காட்டி அச்சடிக்கிறவர்களுக்கு வசதியான கணக்கு அது. நானே அச்சகத்தில் இருக்கிறேன், டிசம்பர் மாதம் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

எண்ணியதில் வேறொன்று கண்ணில் பட்டது. "பயப்படாதே" என்று சொல்லப்படுகிறவர்கள் எல்லாரும் அந்த நிமிஷம் பயந்துகொண்டிருக்கிறவர்கள். ஆகார், மோசே, கிதியோன், மரியாள், மேய்ப்பர்கள். பயமில்லாத ஒருவரிடம் போய் யாரும் அதைச் சொல்லப்போவதில்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

இறந்தகாலம் என்று முதல் நாள் எழுதினேனே, அதற்கு ஒரு வசனம். சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

தமிழில் மெதுவாகப் படியுங்கள். பயப்பட்ட நாளில் என்று இல்லை. பயப்படுகிற நாளில். பயம் நடந்துகொண்டிருக்கிறது, நம்புவதும் அதே நாளில் நடக்கப்போகிறது. ஒன்று போனால்தான் மற்றது வரும் என்று தாவீது சொல்லவில்லை. இரண்டுக்கும் ஒரே தேதி. அந்த அண்ணனின் வீட்டுக் கணக்கு இங்கே உடைகிறது.

இந்தப் பாட்டின் தலைப்பில் இடம் போட்டிருக்கிறது, பெலிஸ்தர் அவனைக் காத் ஊரில் பிடித்தபோது. 1 சாமுவேல் 21க்குப் போனால் கதை கிடைக்கும். சவுலுக்குத் தப்பி ஓடின தாவீது, யாரைக் கொன்றானோ அந்தக் கோலியாத்தின் சொந்த ஊருக்கே போய் மாட்டிக்கொள்கிறான். அந்த ஊர் ராஜா ஆகீசின் ஆட்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். "ஆகீசுக்கு மிகவும் பயப்பட்டு" என்று வேதமே எழுதுகிறது. பைத்தியம் போல நடிக்கிறான். கதவில் கீறுகிறான், வாயிலிருந்து நுரையைத் தாடியில் வழியவிடுகிறான். அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா! என் பூன் கெங் பெஞ்சு எவ்வளவோ கௌரவம்.

19 பிப்ரவரி

அவசரப்பட்டுவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்.

இரவு தூக்கம் வராமல் சங்கீதப் புத்தகத்தைப் புரட்டினேன். 34ஆம் சங்கீதத்தின் தலைப்பும் அதே சம்பவத்தையே சொல்கிறது. அங்கே ராஜாவின் பெயர் அபிமெலேக்கு என்று இருக்கிறது, ஆனால் மதிகெட்டவனைப் போல வேஷம் போட்டுத் தப்பித்த அதே கதை. அதில் 4ஆம் வசனம்: "நான் கர்த்தரைத் தேடினேன், அவர் எனக்குச் செவிகொடுத்து, என்னுடைய எல்லாப் பயத்துக்கும் என்னை நீங்கலாக்கிவிட்டார்."

பச்சை இறந்தகாலம். சபை மேடையில் சொல்கிற அதே சாட்சி.

ஆக, ஒரே ஊர், ஒரே தாடி, இரண்டு பாட்டு. ஒன்று உள்ளே இருக்கும்போது, ஒன்று வெளியே வந்த பிறகு. இறந்தகாலச் சாட்சி எல்லாவற்றையும் ஒதுக்கி 12ஆம் தேதி எழுதினது என் கசப்பு. அவர்கள் 34 பாடுகிறார்கள், அவ்வளவுதான். எனக்குள்ள புகார், 56ஐ யாரும் பாடவிடுவதில்லை என்பது மட்டும்.

மேடையேறாதீர்கள் என்று சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யோசித்துச் செய்யுங்கள்.

25 பிப்ரவரி

"91ஆம் சங்கீதம் சொல்லுங்கள், வாதை அணுகாது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இதில் நான் கொஞ்சம் கறாரானவன், காரணம் அப்பா.

2003இல் சார்ஸ் தொற்று. இந்தச் சின்ன ஊரில் 238 பேருக்கு வந்து 33 பேர் இறந்தார்கள். மருத்துவ ஊழியர்களும் அதில் உண்டு. அப்பா ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலையில் இருந்தார். அந்த வாரங்களில் வீட்டுக்கு வந்ததும் யார் கிட்டேயும் வரக்கூடாது. நேரே குளியலறை. அவருக்கென்று தனித் தட்டு, நீலப் பூ போட்ட எனாமல் தட்டு. காலையில் கதவருகே நின்று 91ஐ முழுசாகச் சொல்லிவிட்டுக் காலணி மாட்டுவார். ஒரு நாள் நான் பின்னாலிருந்து பார்த்தேன். "இருளில் நடமாடும் கொள்ளைநோய்க்கும்" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, காலணிக் கயிற்றைக் கட்ட முடியாமல் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டி முடித்தார். போனார்.

"உங்களுக்கு வராதுன்னு நிச்சயமாத் தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "அப்படி எங்க எழுதியிருக்கு?" என்றார். எழுதியிருக்கிறதே, 10ஆம் வசனத்தில், வாதை உன் கூடாரத்தை அணுகாது என்று வாதாடினேன். அவர் சிரித்தார். "இதே பாட்டை எடுத்துக்காட்டித்தான் சாத்தான் இயேசுவைக் கோபுரத்திலிருந்து குதிக்கச் சொன்னான். படிச்சுப் பாரு."

படித்தேன். மத்தேயு 4:6. தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று 91இன் வரிகளைத்தான் பிசாசு காட்டுகிறான். வசனம் சரி, அதைக் காப்புறுதிப் பத்திரம் மாதிரி நீட்டுவதுதான் பிசாசின் வாசிப்பு. அப்பா எட்டாம் வகுப்பு.

3 மார்ச்

இதை எழுதலாமா என்று யோசித்தேன், ஏனென்றால் நம்மவர்களிடம் இதைச் சொன்னால் குரல் தாழ்ந்துவிடும். நான் டாக்டரிடம் போனேன். பக்கத்துப் பலதுறை மருந்தகத்தில் இதயத்தைப் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, அங்கிருந்து உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் என்று படம் போட்டுக் காட்டினார். காற்று போதவில்லை என்று நினைத்தவனுக்குக் காற்று கூடிப்போயிருந்ததாம்! மூச்சை விடுவதை இழுப்பதைவிட நீளமாக்கச் சொன்னார். ஒன்பது மாதம் மாத்திரையும் சாப்பிட்டேன். முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை, அது அப்படித்தான் என்றார்கள்.

மாத்திரை விசுவாசக் குறைவா என்று கேட்பவர்களுக்கு, 1 இராஜாக்கள் 19. பாகால் தீர்க்கதரிசிகளை எதிர்த்து நின்ற எலியா, யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் ஓடி, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்கிறான். தூதன் வருகிறான். கண்டிக்கவில்லை, பிரசங்கம் இல்லை, வசனம்கூட இல்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். எழுந்து சாப்பிடு. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்குகிறான். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. பேச்சுவார்த்தை எல்லாம் அதற்கப்புறம், ஓரேப் மலையில்.

"அடை" என்ற அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்று மணிக்கு விழித்தால் முதலில் ஏதாவது சாப்பிட்டுப் பாருங்கள் தங்கை. வெறும் வயிற்றோடு யோபு புத்தகம் படிக்காதீர்கள், நான் படித்தேன். பகலில் டாக்டரையும் பாருங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற நாட்களில் உங்களுக்கும் ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். இருட்டு இதையும் தாண்டிப்போய், உயிர் வேண்டாம் என்று தோன்றுகிற யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், 1767. சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

4 மார்ச்

மனைவி படித்துவிட்டாள். மூன்று திருத்தங்கள். அது 2017 இல்லை, 2016, ஏனென்றால் அவள் மாமனாரின், அதாவது என் அப்பாவின், முதல் வருஷ நினைவு ஆராதனைக்கு நான் பஸ்ஸில்தான் வந்தேன். தட்டில் இருந்தது நீலப் பூ இல்லை, பச்சை. சிபிஎஃப் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்கு அப்போதும் தெரியும்.

முதல் திருத்தம் என்னை நிறுத்தியது. அப்பா போய் ஆறு மாதம்கூட ஆகாத நேரமா அது? எட்டு வருஷமாக இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

10 மார்ச்

எப்படி மறுபடி ரயில் ஏறினேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆலோசகர் போட்ட திட்டம் இது. முதல் வாரம் ஹவ்காங் நிலையத்தில் கீழே இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து ரயில்களைப் பார்த்துவிட்டு மேலே வந்துவிட வேண்டும். அடுத்து கோவன் வரை ஒரே ஒரு நிறுத்தம். அது பழகினால் சிராங்கூன். படபடப்பு வந்தால் இறங்கக்கூடாது, அது ஏறி இறங்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். இறங்கி ஓடும் ஒவ்வொரு முறையும் பயம் சரியென்று மூளை படித்துக்கொள்ளுமாம்.

மனைவி கூடவே வந்தாள். அவள் கத்தோலிக்கப் பிறப்பு, ஓபிர் ரோட்டு லூர்து மாதா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவள். 1888இல் கட்டின கோயில், தமிழர்களுக்கென்றே எழுந்தது. "நீங்க ஒரு சங்கீதம் முடிக்கிறதுக்குள்ள நான் எத்தனை அருள் நிறைந்த மரியே சொல்றேன் பாருங்க" என்று போட்டி வேறு. நான் 23ஆம் சங்கீதம். நிதானமாகச் சொன்னால் நிலையத்துக்கு நிலையம் இரண்டு முறை முழுசாக வரும், மூன்றாவது முறை "உமது கோலும் உமது தடியும்" வரும்போது கதவு திறக்கும். உட்லீ வரை தோற்றுக்கொண்டே போனேன். அவள் சொல்கிற வேகத்துக்கு மாதாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

பொத்தோங் பாசிர் முதல் பூன் கெங் வரை, அந்த ஒரு துண்டுக்கு மட்டும் ஐந்து வாரம் பிடித்தது. கடைசியில் வழி காட்டினது மகள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. "முன்னாடி பெட்டிக்கு வாங்கப்பா, அங்க கண்ணாடி இருக்கு." இந்தப் பாதையில் ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முன்பக்கக் கண்ணாடி வழியாகச் சுரங்கம் தெரியும். இருட்டு, சின்னச் சின்ன விளக்குகள், ஒரு வளைவு, தூரத்தில் நிலையத்தின் வெளிச்சம் ஒரு நகக்கண் அளவு. கண்ணை மூடிக்கொண்டு ஜெபிப்பதைவிட எனக்குக் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிப்பது ஒத்துவந்தது.

ஓட்ட ஆளில்லாத வண்டி. மாற்கு 4இல் ஆள் இருக்கிறார், ஆனால் தூங்குகிறார், அதுவும் தலையணை வைத்து. புயல் ஓய்ந்த பிறகு சீஷர்கள் நிம்மதியடைந்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை, பார்த்தீர்களா? "அவர்கள் மிகவும் பயந்து" என்று 41ஆம் வசனம் சொல்கிறது. அலைக்குப் பயந்தவர்கள், அலை நின்றதும் நிறுத்தினவருக்குப் பயந்தார்கள்.

17 மார்ச்

"மூச்சுப் பயிற்சி, மாத்திரை, மனைவி, மகள். இதில் கிறிஸ்து எங்கே?" என்று ஒரு தம்பி.

நியாயமான கேள்வி. பிரித்துக் காட்டத் தெரியவில்லை. கோவன் வரைக்கும் மாத்திரை, அங்கிருந்து கர்த்தர் என்று பயணச்சீட்டு போட முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். பயத்தின் கொடுமை படபடப்பில் இல்லை, அதோடு தனியாக இருப்பதில் இருக்கிறது. 23இல் "பயப்படேன்" என்பதற்குத் தாவீது சொல்கிற காரணம் பள்ளத்தாக்கு பத்திரமானது என்பதல்ல, "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்பது. அதுவரை "அவர்" என்று பேசிவந்தவன் சரியாக அந்த இருட்டில் "தேவரீர்" என்று முகம் பார்த்துப் பேசத் தொடங்குகிறான். எனக்கும் ஜெபம் அங்கேதான் மாறியது. அதற்குமேல் சொன்னால் கதைவிடுவேன்.

29 மார்ச், பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன், கால் கடுக்கிறது. கெத்செமனேயில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்கிறது மாற்கு 14. பாத்திரம் நீங்கும்படி கேட்டார். மூன்று பேரைக் கூடவே விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். படகில் அவர் தூங்கியதற்குப் பதிலுக்குப் பதில்.

விசுவாசம் இருந்தால் பயம் இராது என்றால் இந்த இரவை எங்கே வைப்பது? அந்த அண்ணனிடம் ஒரு நாள் கேட்டுவிட வேண்டும்.

7 ஏப்ரல்

கேட்டேன். ஒரு கல்யாண வரவேற்பில் பக்கத்து நாற்காலி. எட்டு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனங்களோடு ஆரம்பித்தேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே தம்பி" என்றார். முகத்தில் கள்ளமே இல்லை. அவர் ஞாபகத்தில் அந்த ராத்திரி வேறு. நான் வெளிறிப்போய் இருந்தேனாம், ரயிலில் போகமாட்டான் என்று தெரிந்து அவரே காரில் ஏற்றி, வழியில் ஒரு காப்பிக்கடையில் மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கிக்கொடுத்து, புளோக் வாசல் வரை வந்து விட்டாராம்.

உண்மை. வாங்கிக்கொடுத்தார். மேலே முட்டை வேறு போட்டுத் தரச் சொன்னார். நான் அதைச் சுத்தமாக மறந்துவிட்டு, அவர் சொன்ன ஒரு வரியை மட்டும் எட்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறேன். எலியாவின் அடையைப் பற்றிப் போன மாதம்தான் இங்கே அவ்வளவு எழுதினேன்.

கெத்செமனேயைப் பற்றிக் கேட்கவில்லை. பிரியாணி வந்துவிட்டது.

15 ஏப்ரல்

ஈசூன் தங்கையிடமிருந்து செய்தி. அவர் அனுமதியோடு:

"நேற்று ஏறினேன் அண்ணா. 'வியாழக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன். நான் பயப்படுகிறேன். 56ஆம் சங்கீதம் மூன்றாம் வசனம்' என்றேன். வசனத்தைப் படித்தேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை, இறங்கிவிட்டேன். போதகர் ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு அடுத்த பாட்டைச் சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் மூன்று பேர் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து தங்களுக்கு எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று சொன்னார்கள். ஒருவருக்கு இரண்டரை. ஒருவருக்கு நாலு. பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிற அக்காவுக்கு ஒன்றே முக்கால்."

எனக்கு நாலே கால். வியாழன் ராத்திரி எந்நேரமானாலும் ஒரு வரி எழுதுங்கள், விழித்துத்தான் இருப்பேன்.